கொக்கோடா காட்டுப் பாதையும் நம்ம தோட்டத்துப் பாதையும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடந்த ஞாயிறு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



உங்களுக்குக் கிடைக்கிறது ஞாயிறு ஒரு நாள் லீவு. அதிலும் பாதிப் பேருக்கு அரை நாள்தான். வெள்ளவத்தைப் புடவைக் கடையில நின்ன காலோட பஸ் ஏறி வந்திருக்கிறீங்க. இங்கே கொட்டாஞ்சேனையில வீட்டு வேலைக்கும் சாப்பாட்டுக் கடை வேலைக்கும் நிக்கிற பிள்ளைகளும் வந்திருக்கிறீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுறேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்த சில தம்பிமார் எங்கிட்ட ஒரே விஷயத்தைச் சொன்னாங்க. "நம்ம தோட்டத்து ரோட்டுல வெள்ளைக்காரங்க முதுகுல பையை மாட்டிக்கிட்டு நடந்து போறாங்க. வேன் வசதி இருக்கிறப்போ ஏன் நடக்கிறாங்க?" என்று கேட்டாங்க. அவங்க நடக்கிறது பீக்கோ பாதையில. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் ஆரம்பித்து, கலஹா, லூல்கந்துர, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற, ஏறக்குறைய 300 கிலோமீற்றர் நடைபாதை அது. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். புதிதாக வெட்டிய பாதை அல்ல. நம்ம பாட்டன் பூட்டன் வெட்டிய தோட்டத்து ரோடும், கொழுந்துக் கூடையோடு நம்ம அம்மா நடந்த குறுக்குப் பாதையும்தான்.

நடக்க வருகிறவனுக்கு வழிகாட்டி வேண்டும். சுமை தூக்க ஆள் வேண்டும். இரவு தங்க இடம் வேண்டும். இதில் நம்ம பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கப் போகிறார்கள்? இந்தக் கேள்வியை வேறொரு நாடு நமக்கு முன்பே சந்தித்துவிட்டது. அந்த நாட்டுக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. குறி கொழும்புத் துறைமுகம். இந்த மண்டபத்திலிருந்து துறைமுகம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரம் இலங்கையைக் காக்க என்று அவுஸ்திரேலியப் படையின் 16-ஆவது, 17-ஆவது பிரிகேட்டுகள் இங்கே வந்து இறங்கியிருந்தன. மார்ச் மாதம் வந்தவர்கள் ஜூலை வரை நம்ம நாட்டில் இருந்தார்கள். பாலைவனச் சண்டை பழகியவர்களுக்கு மழைக்காட்டில் நடக்கப் பழகக் கிடைத்தது இந்த இலங்கை மண்ணில்தான். பிறகு அவர்களில் 16-ஆவது பிரிகேட் போய்ச் சேர்ந்த இடம் பப்புவா நியூகினி. அங்கே அவர்கள் ஏறிய மலைப் பாதைதான் கொக்கோடா பாதை.

நீளம் 96 கிலோமீற்றர், 60 மைல். ஓவன் ஸ்டான்லி என்ற மலைத்தொடரைக் குறுக்கே கடந்து போகிறது. உச்சி இடத்தில் உயரம் ஏறக்குறைய 2,190 மீற்றர். நுவரெலியா டவுனை விட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறினால் ஏற்றம், இறங்கினால் ஆறு, மறுபடி ஏற்றம். மழை, சேறு, குளிர், அட்டை. அட்டையைப் பற்றி நம்ம ஆட்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1942 ஜூலை 21-ஆம் தேதி ஜப்பானியப் படை வடக்குக் கரையில் கோனா என்ற இடத்தில் இறங்கியது. மலையைக் கடந்து தெற்கே உள்ள போர்ட் மோர்ஸ்பி நகரத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அவுஸ்திரேலியர் அந்த ஒற்றையடிப் பாதையில் நின்று தடுத்தார்கள், பின்வாங்கினார்கள், பிறகு திரும்பத் துரத்தினார்கள். நவம்பர் 2-ஆம் தேதி கொக்கோடா கிராமம் திரும்பக் கிடைத்தது. 600-க்கு மேற்பட்ட அவுஸ்திரேலியர் அந்தச் சண்டையில் செத்தார்கள். ஜப்பானியரில் அதைவிட அதிகம்.

சண்டைக் கதையை இதோடு நிறுத்துகிறேன். நமக்கு வேண்டியது சோற்றுக் கதை.

அந்தப் பாதையில் லொறி போகாது, மாட்டு வண்டியும் போகாது. கொக்கோடாவுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் நடத்திய பெர்ட் கீன்ஸ்லே என்ற ஒரு துரையைக் கூப்பிட்டு, "ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் ரோடு போட்டு முடி" என்று இராணுவம் உத்தரவு கொடுத்தது. ஒப்பிசில் உட்கார்ந்து மலையை வரைபடத்தில் பார்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான்! இன்றைக்கு வரைக்கும் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கொக்கோடாவுக்கு வாகன ரோடு கிடையாது. ஆக, சிப்பாய்க்கு அரிசியும் தோட்டாவும் மனிதன் முதுகில்தான் போக வேண்டும்.

அந்த முதுகு யாருடையது? 1942 ஜூன் 15-ஆம் தேதி அங்கிருந்த இராணுவத் தளபதி ஓர் உத்தரவு போட்டார். தோட்டங்களில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர்களின் பழைய ஒப்பந்தம் எல்லாம் அத்தோடு இரத்து. இனி அவர்கள் இராணுவத்தின் ஆட்கள். போதாவிட்டால் கிராமங்களிலிருந்தும் ஆள் பிடிக்கலாம். சிலர் விரும்பிப் போனார்கள், உண்மை. ஆனால் கட்டாயத்தில் போனவர்கள் ஏராளம். பேர் பதிந்து, கூலி பேசி, ஓடினால் தண்டனை. நம்ம ஆட்களுக்கு இந்த முறை புதுசு இல்லை.

கீன்ஸ்லே துரை ரோடு போடவில்லை, கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை நீங்களும் மனசுல போட்டுப் பாருங்க. ஓர் ஆள் தூக்குவது ஏறக்குறைய 18 கிலோ. சாப்பாடு மட்டும் தூக்கினாலே, அந்தச் சுமையை அவன் தன் வயிற்றுக்கே 13 நாளில் சாப்பிட்டு முடிப்பான். ஒரு சிப்பாய்க்கும் சேர்த்துத் தூக்கினால் ஆறரை நாளுக்குத்தான் காணும். பாதையோ எட்டு நாள் பாதை. அப்படியென்றால் சாமான் போய்ச் சேருமுன்பே மூட்டை காலி. தோட்டா, மருந்து, கம்பளி எல்லாம் எங்கே வைப்பது? விமானத்திலிருந்து போடாமல் இந்தச் சண்டையை நடத்த முடியாது என்று எழுதிக் கொடுத்தார். மலை மேலே மியோலா என்ற புல்வெளியைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே மூட்டைகளைப் போட வைத்தவரும் அவர்தான். அப்படியும் ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கினால்தான் படைக்குச் சோறு.

திரும்பி வரும்போது சும்மா வரவில்லை. காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கம்பு, நடுவில் கம்பளி, காட்டுக் கொடியால் கட்டு. இதைப் படித்தபோது எனக்கு நம்ம தோட்டம்தான் ஞாபகம் வந்தது. பிள்ளைப்பேற்று வலி வந்த பெண்ணைக் கம்பளியில் கட்டி, ரோட்டு வரைக்கும் தூக்கி வந்ததைப் பார்க்காத தோட்டம் உண்டா? கொக்கோடாவில் ஒரு தூக்குப்படுக்கைக்கு எட்டுப் பேர். ஆற்றைக் கடக்கும்போது படுத்திருப்பவன் மேல் தண்ணி படாமல் தலைக்கு மேலே தூக்கினார்கள். இருட்டிவிட்டால் சமதரையாகப் பார்த்து இறக்கி, இலையால் கூரை போட்டு, இரண்டு பக்கமும் நாலு நாலு பேராகப் படுத்துக்கொண்டார்கள். உயிர் தப்பிய சிப்பாய்கள் அவர்களைத் 'தேவதூதர்' என்று சொன்னார்கள். அந்தப் பேரோடு அவர்களின் சுருட்டை முடியைக் குறிக்கும் ஒரு கேலி வார்த்தையும் ஒட்டிக்கொண்டிருந்தது. 'ஃபஸ்ஸி வஸ்ஸி தேவதூதர்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

தேவதூதருக்குப் போர்வை இருந்ததா? சுமைகாரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் ஜெஃப்ரி வெர்னன் என்ற டாக்டர். அறுபது வயதை நெருங்கியவர், காதும் சரியாகக் கேளாது. அவர் எழுதி வைத்ததைப் பார்த்தால் மனசு கேக்காது. பகலெல்லாம் மழையில் சுமை, இரவில் குளிரில் ஒரு போர்வைக்குப் பல பேர், தின்ன வெறும் சோறு, அளவுக்கு மிஞ்சிய பாரம். பலர் ஓடிப் போனார்கள். ஓடியவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜப்பானியரும் ராபவுல் பக்கத்திலிருந்து ஆட்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து சுமை தூக்க வைத்தார்கள். அவர்கள் கதி இதைவிட மோசம்.

யுத்தம் முடிந்தது. சிப்பாய்களுக்குப் பதக்கம், பென்சன். சுமைகாரனுக்கு? அவுஸ்திரேலிய அரசாங்கம் நினைவுப் பதக்கம் என்று ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்தது 2009-இல். சுமை தூக்கி 67 வருஷம் கழித்து! வாங்குவதற்கு உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் கிழவர்கள். பலருக்காக மனைவியும் பிள்ளைகளும்தான் வாங்கினார்கள்.

இப்போது அந்தப் பாதையில் நடக்க அவுஸ்திரேலியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எட்டு, பத்து நாள் நடை. 2008-இல் ஒரே வருஷத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நடந்தார்கள். இசுராவா என்ற இடத்தில் 2002-இல் நினைவுச் சின்னம் திறந்தார்கள், நாலு கருங்கல் தூண். வழியில் உள்ள கோயாரி, ஒரோகைவா மக்கள்தான் வழிகாட்டி, அவர்கள்தான் சுமை தூக்குவதும். தாத்தா தூக்கிய அதே ஏற்றத்தில் பேரன் தூக்குகிறான். தாத்தா தூக்கியது அரிசி மூட்டை, பேரன் தூக்குவது உல்லாசப் பயணியின் கூடாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேணும். ஆரம்பத்தில் யார் எவ்வளவு தூக்குவது என்று கணக்கே இல்லாமல் இருந்தது. சத்தம் போட்ட பிறகுதான், தன் சொந்தச் சாமானும் சேர்த்து 22.5 கிலோவுக்கு மேல் சுமத்தக்கூடாது என்று விதி வந்தது. நடப்பவர்கள் அனுமதிச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், அதில் ஒரு பங்கு கிராமங்களுக்கு என்று ஏற்பாடு வந்தது. அந்தப் பணம் கையில் வந்து சேரவில்லை என்ற கோபமும் கூடவே வந்தது. 2008-இல் கோவெலோ கிராமத்தார் பாதையை மறித்தே விட்டார்கள். பக்கத்தில் சுரங்கம் திறந்தால் இதைவிட வருமானம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். சரியோ பிழையோ, நடைபாதையால் வயிறு நிறையவில்லை என்பதுதானே அதன் அர்த்தம்?

2009-இல் நடக்க வந்தவர்களே சிலர் பாதையில் செத்தார்கள். உடம்பைச் சோதித்துப் பார்க்காமல் மலை ஏறினால் அதுதான். அதற்குப் பிறகு டாக்டர் சர்ட்டிபிகேட், முதலுதவி தெரிந்த வழிகாட்டி என்றெல்லாம் இறுக்கமாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இன்னொரு யுத்தப் பாதையையும் சொல்லாமல் விட முடியாது, அது நம்ம இரத்தம். அதே 1942-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில் பாதையை ஜப்பானியர் காட்டுக்குள் போட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை, 'மூன்று மாத வேலை, நல்ல கூலி' என்று சொல்லி ஏற்றினார்கள். பிறகு சொல்லாமலே பிடித்து ஏற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது 12,000-க்கு மேற்பட்ட வெள்ளைக் கைதிகள் செத்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர்? பொதுவாகச் சொல்லப்படுவது 90,000. கூடச் சொல்பவர்களும் உண்டு. ஏன் இந்தத் தடுமாற்றம்? கைதிகளுக்கு அதிகாரி இருந்தார், பேர்ப் பட்டியல் இருந்தது. செத்தவனின் பேரை ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். தமிழனுக்குச் செக்ரோல் எழுத ஆள் இல்லை. காலரா வந்தது, குழியில் போட்டார்கள், கதை முடிந்தது.

அங்கேயும் இன்றைக்கு நடைபாதை உண்டு. தாய்லாந்தில் 'ஹெல்ஃபயர் பாஸ்' என்ற மலை வெட்டு. 1998-இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் அங்கே நினைவு மியூசியம் திறந்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு நடந்தால் அங்கே கைதிகளாக இருந்தவர்களின் குரலிலேயே கதை கேட்கலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஆள் குரல் எங்கே? பக்கத்தில் காஞ்சனபுரியில் செத்த தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் வைத்தது 2023-இல்தான். 80 வருஷம் ஆச்சு.

இப்ப நம்ம மலைக்குத் திரும்புவோம்.

லூல்கந்துர பக்கம் பயணிகளைக் கூட்டிப்போன ஒரு நடையில் நானும் கூடப் போயிருந்தேன். வழிகாட்டித் தம்பி நல்ல பையன், நல்ல இங்கிலீஷ். "1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார்" என்று அழகாகச் சொன்னார். ஒரு வயசான அம்மா கேட்டார்: "அந்த 19 ஏக்கரை வெட்டினது யார்?" தம்பி சிரிச்சிட்டு அடுத்த இடத்துக்கு நடந்துட்டார். அவரைப் பிழை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சொல்ல எவ்வளவோ இருக்கு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவர்கள் நம்ம ஆட்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல் இல்லை, கணக்கும் இல்லை. 2023-இல் ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்களே, அந்த நடையில் போன யாராவது இங்கே இருக்கிறீங்களா? ஆ, பின்னால ரெண்டு கை தெரியுது. உங்க காலுக்குத் தெரியும் அந்தத் தூரம்.

யுத்தக் கதையும் நம்ம பாதையில் உண்டு. ஹந்தானை மேலிருந்து பார்த்தால் தெரிகிற பேராதனைப் பூந்தோட்டத்தில்தான் 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை வைத்திருந்தார். பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது, இங்கே 1942-இலேயே ரேஷன் வந்தது. அந்தக் காலத்தில் லயத்தில் அடுப்பு எரிந்த கதையைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்றைக்கு ரொம்பக் குறைவு. அவங்க சொன்னதைக் கேட்ட மகள்மார் இருக்காங்க, கேட்டு எழுதிக்கலாம்.

சரி, வேலை விஷயத்துக்கு வாறேன். நம்ம நாட்டில் வழிகாட்டி வேலைக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுவதற்குமான வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கான வழிகாட்டி, ஓர் இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி என்று பிரிவுகள் இருக்கு. பிரதேச வழிகாட்டி என்பதுதான் நம்ம பிள்ளைகளுக்குக் கிட்ட உள்ளது. பயிற்சி கொடுக்கும் ஹோட்டல் பாடசாலை இங்கே காலி வீதியிலதான் இருக்கு, வெள்ளவத்தையில பஸ் ஏறினா நேரே கொள்ளுப்பிட்டி. தகுதி, கட்டணம், விண்ணப்பத் தேதியெல்லாம் அங்கேயே நேரில் போய்க் கேளுங்க, ஆள் சொன்னதை நம்பிக் காசு கட்டாதீங்க. அனுமதிப்பத்திரம் இல்லாமல் போகிறவனுக்குச் சுமைதான் மிஞ்சும், பேச்சு இன்னொருத்தருக்குப் போயிடும்.

கூலி பேசாமல் ஓர் அடியும் நடக்காதீங்க. எத்தனை நாள், எத்தனை கிலோ, சாப்பாடு யாருடையது, திரும்பி வர பஸ் காசு யார் தருவது, விழுந்து காலை முறித்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் பார்ப்பது, எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்க. கொக்கோடாக்காரன் பல வருஷம் கழிச்சுக் கேட்டதை நாம முதல் நாளே கேட்போம்.

ஆபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதையில் குளவிக் கூடு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவங்ககிட்ட கேட்காமல் பயணிகளைக் கூட்டிப்போகக் கூடாது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையை விசாரிக்காமல் கிளம்பக் கூடாது. 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்தோடு ஆட்களை மண் மூடினதை நாம மறந்தா யார் ஞாபகம் வைப்பது? பயணி எவ்வளவு அவசரப்பட்டாலும் "இன்னைக்குப் போக ஏலாது" என்று சொல்லும் தைரியம்தான் வழிகாட்டிக்கு முதல் தகுதி.

படம் பிடிக்கிற விஷயம் இன்னும் இருக்கு. கொழுந்து எடுக்கிற நம்ம அம்மாமாரைக் கேக்காமக் கொள்ளாமப் படம் பிடிக்கிறாங்க. லயத்துக்குள்ள எட்டிப் பார்க்கிறாங்க. சிலர் காசு நீட்டுறாங்க. வழிகாட்டி நம்ம பிள்ளையாக இருந்தால், "முதல்ல வணக்கம் சொல்லுங்க, பேரைக் கேளுங்க, அவங்க சரின்னு சொன்னா எடுங்க" என்று சொல்ல முடியும். பேர் கேட்டு எடுத்த படம் வேறு, கேட்காமல் எடுத்த படம் வேறு.

முடிக்கப் போகும்போது முன் வரிசையில் இருந்த தங்கச்சி ஒருத்தர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "பொம்பளப் பிள்ளைங்க காட்டு வழியில வழிகாட்டியா போகலாமா அண்ணே, வீட்டுல விடுவாங்களா?"

தங்கச்சி, மலை ஏறி இறங்கிப் பழகினது யார்? ஒவ்வொரு மலைக்கும் நம்பர் தெரிஞ்சது யாருக்கு? விடியப் பெரட்டுக்குப் போய் அந்திக்குத் திரும்புகிற உங்க அம்மாவுக்குத்தான். பாதை விஷயத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் வரத் தேவையில்லை. வீட்டுப் பயம் நியாயமான பயம்தான். ஆரம்பத்தில் ரெண்டு பேராகச் சேர்ந்து போங்க, பகல் நடை மட்டும் எடுங்க, யார் கூட்டத்தோட எந்தப் பாதையில போறீங்கன்னு வீட்டுலயும் தலைவர்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க. அம்மாகிட்ட நான் வந்து பேசணும்னாலும் வாறேன்.

அடுத்த ஞாயிறு கூடும்போது எல்லாரும் ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி கொண்டு வாங்க. ஊருக்கு ஃபோன் எடுக்கிறப்போ உங்க தோட்டத்தில் ரோடு வெட்டினது யார் யார், எந்தக் கோயிலை யார் கட்டினது, எந்த வளைவுக்கு என்ன பேர், ஏன் அந்தப் பேர் என்று கேட்டு அதில் எழுதுங்க. பேர் தெரிஞ்சா பேரோட எழுதுங்க. இப்ப தேத்தண்ணி ஊத்தியாச்சுன்னு சொல்றாங்க, ஆறிப் போறதுக்குள்ள குடிச்சிட்டு வாங்க, மிச்சக் கேள்வியை அதுக்குப் பிறகு பார்ப்போம்.